‘சின்னப் பையன் சார், விடுங்க’

இந்த மாசம் வந்த தபால்ல பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம்தான், ஆபீசருங்க வாய். அதனால பட்டா பேர் மாத்தற கேள்வி, சிட்டா கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க. வருவாய்த் துறையில முப்பத்து சொச்சம் வருஷம் ஃபைல் தள்ளினவன்ங்கறதால இந்த விஷயத்துல நான் நடுநிலையா இருப்பேன்னு எதிர்பாக்காதீங்க. ரெண்டு பக்கமும் எனக்குக் கோவம் இருக்கு.

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் தக்காளி. எனக்கு 26 வயசு. போன மாசம் விவசாயிங்க குறை கேக்கற கூட்டத்துல எங்க அப்பா எந்திரிச்சு, விலை அடியோட விழுந்துருச்சு, பறிக்கற கூலிக்கே கட்டல, ஏதாவது வழி பண்ணுங்கன்னு கேட்டாரு. மேடையில இருந்த ஆபீசருக்கு இருபத்தேழு இருபத்தெட்டுதான் இருக்கும், மைக்லயே "எல்லாரும் ஏன் தக்காளியே போடறீங்க, கொஞ்சம் படிச்சிருந்தா இப்படி பண்ணுவீங்களா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. ஹால்ல பாதிப்பேர் சிரிச்சாங்க. வீடியோ ஊரெல்லாம் சுத்துது. இப்ப எங்க ஊர் பெரியவங்களே "சின்னப் பையன், புதுசா வந்திருக்காரு, விடுங்க"ங்கறாங்க. அப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, ஆனா அதுக்கப்புறம் மண்டிக்கு அவரு போறதில்ல, என்னைத்தான் அனுப்பறாரு. விட்டுடணுமா?

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அந்த ஆபீசர் பேசினதுல ரெண்டு பேச்சு இருக்கு, ஊர்ல எல்லாரும் ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு வெச்சுக்கிட்டு சண்டை போடறதாலதான் முடிவுக்கு வர முடியல.

முதல் பேச்சு, எல்லாரும் ஏன் தக்காளியே போடறீங்கங்கறது. இது தெரியாத்தனம். பாலக்கோடு ராயக்கோட்டை பக்கம் தக்காளி எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சவங்க இதைக் கேக்கவே மாட்டாங்க. நாத்து நட்டு அறுபது எழுபது நாள்ல காய் பறிப்புக்கு வந்துரும், விலை ஏறி நிக்கும்போது பத்து ஊரும் நடும், பறிக்கும்போது பத்து ஊர் காயும் ஒரே வாரத்துல மண்டியில வந்து நிக்கும், அந்தப்பக்கம் கோலார் காய், மதனப்பள்ளி காய் வேற, விலை விழாம என்ன பண்ணும். சரி, அடுத்த போகம் வேற ஏதாவது போடலாமேன்னா, மல்ச்சிங் ஷீட்டு, சொட்டுநீர் பைப்பு, ஊனற குச்சி, கட்டற கயிறு, மருந்து எல்லாம் கடன்ல வாங்கி வெச்சிருக்கான், அந்தக் கடன் அடையணும்னா ஒரே போகத்துல பெரிய காசு வர வாய்ப்புள்ள பயிரு வேணும், அது திரும்பவும் தக்காளிதான். ராகி போட்டா களி கிண்டலாம், கடன் அடைக்க முடியாது. இந்தச் சுழல் வெளியில இருந்து வந்த பிள்ளைக்கு எப்படிப் புரியும். ஆறு மாசத்துல புரியலைன்னா எனக்குக் கோவம் கூட வராது, பக்கத்துல உக்காந்திருந்த தோட்டக்கலை ஆளுங்க காதுல சொல்லியிருக்கணுமேன்னுதான் தோணும், அவங்க மேலதான் எனக்கு வருத்தம். ஆக இந்தப் பாதிக்கு சின்ன வயசுங்கற சலுகையைத் தாராளமா குடுங்க. தப்பா கேட்டுட்டாரு, சொல்லிக் குடுங்க, கத்துக்கட்டும்.

ரெண்டாவது பேச்சு, கொஞ்சம் படிச்சிருந்தாங்கறது. இதுல தெரியாத்தனம் எங்க இருக்கு சொல்லுங்க. தெரியாதவன் பதில் தெரிஞ்சுக்கக் கேப்பான், இது பதில் வாங்கறதுக்கான பேச்சே இல்ல, ஹால்ல இருக்கறவங்களைச் சிரிக்க வெக்கறதுக்கான பேச்சு. வயசு கம்மின்னா அனுபவம் கம்மியா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா பெத்த அப்பன் வயசுல நிக்கறவரை நாலு பேர் முன்னாடி படிக்காதவன்னு காட்டக்கூடாதுங்கறதுக்கு சர்வீஸ் எதுக்கு, அனுபவம் எதுக்கு? அது அஞ்சாங்கிளாஸ்ல தெரியற விஷயம்.

அவரு எந்த சர்வீஸ்னு நீங்க எழுதல. ஐஏஎஸ்னா ஒண்ணு சொல்றேன். யூபிஎஸ்சி மெயின்ஸ்ல 2013-லருந்து எத்திக்ஸ்னே தனியா ஒரு பேப்பர் இருக்கு, 250 மார்க், நலிஞ்ச மக்கள் மேல பரிவுங்கறது சிலபஸ்லயே வருது. அதுல எழுதி மார்க் வாங்கித்தான் உள்ள வர்றாங்க. அப்புறம் 1968 நடத்தை விதிகள்னு ஒண்ணு இருக்கு, அதுல 2014-ல புதுசா சேத்தாங்க, பொதுமக்கள்கிட்ட மரியாதையா நடந்துக்கணும், முக்கியமா நலிஞ்ச பிரிவு மக்களோட குறைக்கு காது குடுக்கணும்னு. முப்பது வயசுக்கு மேல்தான் இது பொருந்தும்னு எங்கயும் போடல.

இப்ப எனக்கு நிஜமாவே உறுத்தற இடத்துக்கு வர்றேன். உங்களுக்கு 26, அவருக்கு 27. அன்னிக்கு அப்பாவுக்குப் பதிலா நீங்க எந்திரிச்சு, அதே மைக்ல, அதே மாதிரி சிரிச்சுக்கிட்டே "சார், கொஞ்சம் வயல்ல இறங்கியிருந்தா இப்படி கேப்பீங்களா"ன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? கூட்டத்துல எவனாவது சின்னப் பையன் விடுங்கன்னு சொல்லியிருப்பானா? வெளியில ஒரு எஸ்ஐ நின்னுக்கிட்டு பேர் என்னடா ஊர் எதுடான்னு கேட்டிருப்பாரு, கொஞ்சம் குரல் ஏறியிருந்தா அரசு ஊழியரைப் பணி செய்ய விடாம தடுத்தான்னு, பழைய ஐபிசி 186, இப்போ பிஎன்எஸ் 221, அதை எழுதறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. ஒரு வயசு வித்தியாசம்தான், மேடைக்கு மேல இருக்கறவனுக்கு மட்டும் அது பிள்ளை வயசு, கீழ நிக்கறவனுக்கு அது ‘நெஞ்சழுத்தம்’ புடிச்ச வயசு. ஊர்ப் பெரியவங்க நல்ல மனசுலதான் விடுங்கறாங்க, அது எனக்குத் தெரியும், ஆனா அந்த நல்ல மனசு உங்களுக்கும் கிடைச்சிருக்குமான்னு அவங்களையே ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

இளவயசு, களைப்பு, டென்ஷன்னு சொல்றது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. 2021 ஆகஸ்ட் 28, ஹரியானாவுல கர்னால். விவசாயிகள் போராட்டம், டியூட்டி மாஜிஸ்ட்ரேட்டா நின்ன எஸ்டிஎம் (நம்ம ஊர் சப் கலெக்டர், ஆர்டிஓ மாதிரி), 2018 ஐஏஎஸ் பேட்ச், சர்வீஸ்க்கு வந்து மூணு வருஷம்தான், போலீஸ்காரங்களைப் பாத்து யாராவது இதைத் தாண்டி வந்தா மண்டை உடைஞ்சிருக்கணும்னு சொன்னது வீடியோவா வந்துச்சு. அப்புறம் ரெண்டு நாளா தூங்கலைன்னு ஒரு விளக்கம் வந்துச்சு. அந்த மாநில துணை முதல்வரே அதுக்கு என்ன சொன்னாருன்னா, விவசாயி வருஷத்துல இருநூறு நாள் தூங்கறதில்ல, அது அவருக்குத் தெரியாது போலன்னாரு. முதல்வரோ, வார்த்தை சரியில்ல, ஆனா கண்டிப்பு தேவைதான்னாரு. விவசாயிங்க கர்னால் மினி செயலகத்து முன்னாடி உக்காந்துட்டாங்க, கடைசியில ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதியை வெச்சு விசாரணை, எஸ்டிஎம்மை லீவுல அனுப்பறதுன்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் எந்திரிச்சாங்க. அந்த ஜனங்க வயசைப் பத்தி பேசவே இல்ல பாருங்க, வார்த்தையைப் பத்தி மட்டும்தான் பேசினாங்க.

நீங்க என்ன பண்ணலாம்? அவரை சஸ்பெண்ட் பண்ணுன்னு மனு எழுதாதீங்க, அது நடக்காது, நடந்தாலும் உங்க தக்காளிக்கு ஒரு ரூபா ஏறாது. அப்பா கேட்ட கேள்வி விலையைப் பத்தி. அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல, சிரிப்புல அது அப்படியே அமுங்கிப் போச்சு, எனக்கென்னவோ பெரிய நஷ்டம் அதுதான்னு படுது. அந்தக் கூட்டத்து நடவடிக்கைக் குறிப்புல அப்பாவோட கேள்வியும் அதுக்குக் குடுத்த பதிலும் எப்படிப் பதிவாகியிருக்குன்னு ஆர்டிஐ போட்டு காப்பி கேளுங்க, பத்து ரூபாதான் ஃபீஸ், முப்பது நாள் டைம். அவரு சொன்ன அந்தப் பேச்சை எந்த க்ளார்க்கும் எழுத்துல ஏத்தியிருக்க மாட்டாரு, பதில்ங்கற இடம் காலியா இருக்கும், இல்ல ‘ஆவன செய்யப்படும்’னு இருக்கும். அந்தக் காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்க. அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, வரமாட்டேன்னா வற்புறுத்தாதீங்க.

கேள்வி: நாக்கு தவறினதுக்கு இவ்வளவு பேசணுமா சார்? கையை ஓங்கலையே, லஞ்சம் வாங்கலையே. வெறும் பேச்சுதானே. (அரூர் வாசகர்)

அரூர்ல இருந்துக்கிட்டு நீங்க இதைக் கேக்கலாமா. உங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரத்துல வாச்சாத்தி. சந்தனக்கட்டை பதுக்கி வெச்சிருக்காங்கன்னு ஒரு ஊரையே சொல்லித்தான் 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு சேந்து உள்ள போனாங்க. ஆமாங்க, எங்க டிபார்ட்மெண்டும் அதுல உண்டு. 18 பெண்களுக்கு நடந்த கொடுமை, கேஸ்ல 269 பேர், தர்மபுரி கோர்ட் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29, அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க, மீதி 215 பேரும் குற்றவாளின்னு சொன்னாங்க, ஹைகோர்ட் அதை உறுதி பண்ணினது 2023-ல. முப்பத்தோரு வருஷம்.

ஒரு மைக் பேச்சையும் அதையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா ஆபீசர் வாயிலருந்து ஒரு ஊருக்கு, ஒரு சாதிக்கு, ஒரு தொழிலுக்கு ஒரு பேர் விழுந்துட்டா கீழ இருக்கறவன் அதை உத்தரவா எடுத்துக்குவான், அவன் கையில லத்தி இருக்கும். சித்தேரி மலையில இருந்து இறங்கி வந்து வரிசையில நிக்கற பாட்டிக்கு, மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் ஜோக் அடிச்சா அது ஜோக்கா கேக்காது.

கேள்வி: என் பையனுக்கு 22 வயசு, குரூப் ஃபோர் பாஸ் பண்ணி இளநிலை உதவியாளரா சேந்து எட்டு மாசம் ஆகுது. ஆபீஸுக்கு வர்ற ஜனங்களைப் பத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல காமெடியா போடறான், ரீல்ஸ் கூட பண்றான். சொன்னா ‘நீ சும்மா இரும்மா, எல்லாரும்தான் போடறாங்க’ங்கறான். வேலைக்கு ஏதாவது ஆகுமா? (ஊத்தங்கரையிலிருந்து ஒரு தாய்)

ஆகும் அம்மா. இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கறான், கன்ஃபார்ம் ஆகல, அதை அவன் மறந்துட்டான். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-னு ஒண்ணு இருக்கு, சேந்தப்பவே கையெழுத்து வாங்கியிருப்பாங்க, யாரு படிக்கறா. பவானிசாகர் ட்ரெயினிங் போனா அங்க ஒரு வகுப்பே எடுப்பாங்க, அதுலயும் பின் பெஞ்சுல உக்காந்து ரீல்ஸ் பாத்துக்கிட்டு இருந்தான்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.

இன்னிக்கு ராத்திரி சோத்துக்கு உக்காரும்போது மெதுவா கேளுங்க, நாளைக்கு நானே உங்க ஆபீஸுக்கு வாரிசு சர்டிபிகேட்டுக்கு வந்து, ஃபாரத்தைத் தலைகீழா நீட்டினா, என்னையும் ஸ்டேட்டஸ் போடுவியாடான்னு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க. பழைய ரீல்ஸை எல்லாம் அவனே அழிக்கட்டும், நீங்க ஃபோனைப் புடுங்காதீங்க, 22 வயசு பையன்.

அப்புறம் இதையும் சொல்லிடறேன், மனசு கேக்கல. உங்க பையன் மாதிரி கீழ்மட்டத்துல இருக்கறவன் ஒண்ணு போட்டு அது வெளியில வந்துச்சுன்னா மறுநாளே மெமோ, செவன்டீன் பி-ன்னு பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு நோட்டீஸ், சஸ்பென்ஷன். அங்க எவனும் சின்னப் பையன்னு சொல்ல மாட்டான். அந்த வசனம் மேல போகப் போகத்தான் கிடைக்கும். அநியாயம்தான், ஆனா அதுக்காக அவன் போடறது சரியாயிடாது.

கேள்வி: ஒருத்தர் பதினாறு வயசுல போட்ட போஸ்ட்டை இருபத்தெட்டு வயசுல தோண்டி எடுத்து வேலையைக் காலி பண்றது நியாயமா? (ஓசூர், ஐடி கம்பெனியில வேலை பாக்கறேன்)

நியாயம் இல்ல. நாற்காலியில உக்காந்து பேசினது வேற, நாற்காலிக்கு முன்னாடி பேசினது வேற.

இங்கிலாந்துல கென்ட்னு ஒரு பகுதி, அங்க 2013-ல இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் நடுவுல பாலமா இருக்கட்டும்னு பாரிஸ் பிரவுன்ங்கற 17 வயசுப் பொண்ணை யூத் கமிஷனர்னு போட்டாங்க, வருஷத்துக்கு 15,000 பவுண்டு சம்பளம், அந்த நாட்டுலயே அப்படி ஒரு பதவி அதுதான் முதல் தடவை. போட்ட கொஞ்ச நாள்ல ஒரு பத்திரிகை அந்தப் பொண்ணு 14 வயசுலருந்து 16 வயசு வரைக்கும் ட்விட்டர்ல போட்டதை எல்லாம் தோண்டி வெளிய போட்டுச்சு. மோசமான வார்த்தைங்கதான், இனத்தைப் பத்தி, ஒருபாலீர்ப்பு உள்ளவங்களைப் பத்தி. டிவியில அழுதுக்கிட்டே மன்னிப்பு கேட்டுச்சு, பதவியை விட்டுப் போயிருச்சு. போலீஸ் விசாரிச்சு கேஸ் இல்லைன்னு விட்டுட்டாங்க.

எனக்கு இதுல கோவம் அந்தப் பொண்ணு மேல இல்லவே இல்ல. இளைஞர்கள்கிட்ட பேச ஒரு இளைஞர் வேணும்னு சொல்லி, 17 வயசுங்கறதுதான் தகுதின்னு சம்பளம் குடுத்து எடுத்தவங்க, 14 வயசுல எல்லாரும் எப்படிப் பேசுவாங்கன்னு தெரியாத மாதிரி நடிச்சாங்க பாருங்க, அங்கதான். அவங்கதான் முதல்லயே உக்கார வெச்சு, பழசு என்னம்மா இருக்குன்னு கேட்டிருக்கணும். நம்ம ஊர்லயும் எல்லார் ஃபோன்லயும் பத்து வருஷத்துக் குப்பை இருக்கு, உங்க ஃபோன்லயும் இருக்கும். தோண்டாதீங்க. ஆனா பழைய குப்பையும் நேத்து மைக்ல சொன்னதும் ஒரே வாசனை அடிச்சா, அப்ப அது பழசு இல்ல.

கேள்வி: பெரிய வயசு ஆபீசருங்க ஒழுங்கா பேசறாங்களா? (காரிமங்கலம்)

இல்ல. 2022-ல பாட்னாவுல பள்ளிக்கூடப் பொண்ணுங்களுக்கான ஒரு நிகழ்ச்சியில ஒரு பொண்ணு எந்திரிச்சு, அரசாங்கம் இருபது முப்பது ரூபாய்க்கு நாப்கின் குடுக்க முடியாதான்னு கேட்டுச்சு. மேடையில இருந்த மூத்த ஐஏஎஸ் அம்மா, மாநிலத்து மகளிர் மேம்பாட்டுக் கழகத்துக்கே எம்.டி., முப்பது வருஷ சர்வீஸ், இன்னிக்கு நாப்கின் கேப்பீங்க, நாளைக்கு ஜீன்ஸ் கேப்பீங்க, கடைசியில ஆணுறை கூட கேப்பீங்கன்னாங்க. பிற்பாடு வருத்தம் தெரிவிச்சாங்க. நம்ம மாநிலத்துலயே 2025 பிப்ரவரியில மயிலாடுதுறையில, குழந்தைகள் பாதுகாப்பு பத்தின ஒரு பயிலரங்குல மாவட்ட ஆட்சியரே, பாலியல் கொடுமைக்கு ஆளான மூணரை வயசுக் குழந்தை மேலயும் தப்பு இருக்குங்கற மாதிரி பேசிட்டாரு. மூணரை வயசு. உடனே மாத்திட்டாங்க.

இதையெல்லாம் கேட்டப்புறம், இளவயசுதான் வாய்க்குக் காரணம்னு நான் எப்படி நம்பறது?

கேள்வி: அதான் மாத்திடறாங்களே, டிரான்ஸ்பர் தண்டனை இல்லையா? (பென்னாகரம்)

விதிப்படி டிரான்ஸ்பர் தண்டனையே கிடையாது. கண்டனம், இன்கிரிமெண்ட் நிறுத்தம், பதவி இறக்கம்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல இடமாற்றம் இல்ல. டிவிக்காரங்கதான் ‘அதிரடி நடவடிக்கை’ன்னு ஸ்க்ரோல் ஓட்டுவாங்க. அந்த ஊர்ல பேசின வாய் இன்னொரு ஊருக்குப் போகுது, அவ்வளவுதான். அதுலயும் தண்டனை போஸ்டிங்னு சில ஊருங்களைச் சொல்லுவாங்க பாருங்க, ஒரு காலத்துல எங்க தர்மபுரியையும் அப்படித்தான் சொன்னாங்க, வாய் சரியில்லாதவங்களை அனுப்பறதுக்கு நாங்கதான் கிடைச்சோமான்னு நான் ஆபீஸ்லயே கேட்டிருக்கேன், யாரும் பதில் சொல்லல.

ஒரு விஷயம் மட்டும் நிக்குது மனசுல. 2024 ஜனவரி, மத்தியப் பிரதேசம் ஷாஜாபூர். லாரி டிரைவருங்க ஸ்ட்ரைக், கலெக்டர் மீட்டிங் கூப்பிட்டாரு. ஒரு டிரைவர் என்னமோ சொல்லப்போக, என்ன பண்ணிடுவ நீ, உன் ‘ஔகாத்’ என்னன்னு கலெக்டர் கத்தினாரு. ஔகாத்னா இந்தியில தகுதி, யோக்கியதைன்னு வெச்சுக்கங்க, நம்ம பாஷையில ‘நீ என்ன பெரிய ஆளா’. அந்த டிரைவர் எந்த சத்தமும் போடாம, அதுக்குத்தானே சார் சண்டையே, எங்களுக்கு ஔகாத் இல்லைங்கறதுதான்னாரு. மறுநாள் கலெக்டரை மாத்திட்டாங்க. கலெக்டர் வருத்தம் தெரிவிச்சாரு. அவரு எங்க போனாருன்னு யாரும் ஞாபகம் வெச்சுக்கல, அந்த டிரைவர் சொன்ன பதிலை நான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

கேள்வி: அப்படின்னா நாப்பது வயசுக்கு மேலதான் மாவட்டப் பொறுப்பு குடுக்கணும்னு சட்டம் போடலாமே? (தர்மபுரி டவுன், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

வேணாம் வாத்தியார் ஐயா. நம்ம ஊருக்கு இளம் ஆபீசர் புதுசே இல்ல. 1792-ல திப்பு சுல்தான்கிட்டருந்து பாராமகால், அதான் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி சீமை, கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தப்போ, கேப்டன் ரீடுக்கு உதவியாளா தர்மபுரிக்கு வந்த தாமஸ் மன்றோவுக்கு 31 வயசு. ஏழு வருஷம் இங்கயே கிடந்தாரு. வெள்ளைக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்கல, வரி வசூல் பண்ணத்தான் வந்தான், ஆனா பாஷை கத்துக்கிட்டு, ஊர் ஊரா குதிரையில போய், நிலத்தை வயலோரமா நின்னு பாத்துத்தான் கணக்கு எழுதினான்.

என் சர்வீஸ்ல நான் பாத்த வரைக்கும், மலை ஏறினதெல்லாம் சின்ன வயசு ஆபீசருங்கதான். தேர்தல் வந்தா ஓட்டு மெஷினைக் கழுதை மேல ஏத்தற கோட்டூர் மலைக்கு, நாப்பத்தெட்டு வயசுல முட்டி வலியோட எந்த ஆபீசர் சார் நடந்து போவாரு? ரிப்போர்ட்ல போயிட்டு வந்துருவாரு. சின்னவங்க நடப்பாங்க, கேப்பாங்க, எழுதிக்குவாங்க. அந்தச் சுறுசுறுப்பு வேணும். இந்த ‘சின்னப் பையன் விடுங்க’ங்கறது அப்படி ஒழுங்கா வேலை பாக்கற இளவயசு ஆபீசருக்கும் சேத்துத்தான் அவமானம், அவங்களும் குழந்தைங்கன்னு ஆயிடுது பாருங்க.

கேள்வி: பேர் வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துல வேலை பாக்கறேன், வயசு 27. ஒரு முகாம்ல ஒரு பெரியவரைப் பத்தி நான் சொன்ன ஒரு வார்த்தை தப்பாயிடுச்சு. வீடியோ எதுவும் வரல, யாரும் புகார் குடுக்கல. ஆனா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. சீனியர்கிட்ட சொன்னா ‘வெளிய வரல இல்ல, அப்ப அது நடக்கவே இல்ல’ங்கறாரு. என்ன பண்ணட்டும்?

தூக்கம் வரலைன்னு எழுதினீங்களே, உங்களுக்கு மட்டும் இந்தப் பத்தியில கொஞ்சம் அதிகமா இடம் தர்றேன். உங்க சீனியர் சொன்னதைக் கேக்காதீங்க, அவருக்கு ஃபைல்ல இல்லாதது எதுவும் நடக்கல. இந்த வியாதி எங்க தலைமுறையிலருந்து வந்தது.

எனக்கு அப்போ 26. ஆர்.ஐ.யா, அதாவது வருவாய் ஆய்வாளரா போட்டிருந்தாங்க, கிருஷ்ணகிரியும் அப்ப தர்மபுரி மாவட்டத்துலதான் இருந்துச்சு, 2004-லதான் பிரிஞ்சது. எந்த ஃபிர்க்கான்னு (ஒரு ஆர்.ஐ. பாக்கற ஊருங்க சேந்தது) எழுதல, அந்தக் குடும்பம் இன்னும் அங்க இருக்கலாம். புதன்கிழமை மத்தியானம், ஆபீஸ்ல கூட்டம், ஒரு பாட்டி முதியோர் பென்ஷனுக்கு மூணாவது தடவையா வந்து நின்னுச்சு. ரேஷன் கார்டுல ஒரு வயசு, மனுவுல ஒரு வயசு, சரிபண்ணிட்டு வான்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினது நான்தான். அன்னிக்கும் சரியில்ல. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "ஏன் பாட்டி, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போற, இதுக்கு இவ்வளவு அலையறியே"ன்னேன். தமாஷா சொன்னதா அப்ப எனக்கு நெனப்பு. தலையாரி சிரிச்சாரு, க்ளார்க் சிரிச்சாரு, வரிசையில நின்னவங்களும் சிரிச்சாங்க, பாட்டியும் சிரிச்சுச்சு. காகிதத்தை மடிச்சு மடியில செருகிக்கிட்டு போயிருச்சு. அப்புறம் வரவே இல்ல.

ஒரு மாசம் கழிச்சு எனக்கு உறைச்சுது, அதுவும் நானா உணரல, எங்க அம்மா ஊர்லருந்து எழுதின கடுதாசில காலு வலிக்குதுன்னு ஒரு வரி இருந்துச்சு, அதைப் படிச்சப்போ ஏனோ அந்தப் பாட்டி மடியில காகிதம் செருகினது ஞாபகம் வந்துச்சு. அடங்கல், அதான் பயிர்க் கணக்கு, பாக்கற சாக்குல அந்த ஊருக்கு சைக்கிள்ல போனேன். விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சேன், புளியமரத்துக்குக் கீழ உக்காந்து புளி தட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்துச்சு, நான் உக்காரச் சொன்னேன்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, மன்னிப்புக் கடிதம் எழுதாதீங்க, வாட்ஸ்அப்ல குரல் பதிவு அனுப்பாதீங்க, தனிப்பட்ட முறையில ஆபீஸுக்குக் கூப்பிடவும் கூடாது, அவரு அதை சம்மன்னு நெனச்சு பயந்துக்குவாரு. ஜீப்பை ஊருக்கு வெளியிலயே நிறுத்திட்டு நடந்து போங்க. ஃபோட்டோகிராஃபர் யாரும் கூட வரக்கூடாது. அவரு எந்த வேலையா முகாமுக்கு வந்தாரோ அந்த ஃபைலைப் போறதுக்கு முன்னாடியே எடுத்து முழுசா படிச்சுக்கங்க, என்ன பாக்கின்னு பாத்து கையோட கொண்டு போங்க, ஏன்னா போய் நின்னதும் என்ன பேசறதுன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியல. கையில ஃபாரம் இருந்தா அதையாவது நீட்டலாம்.

நான் அன்னிக்கு நின்னுக்கிட்டே இருந்தேன். பாட்டி உள்ள போய் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சு முடிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்துட்டு, "இன்னும் இருக்கேன் பாருங்க சார்"னுச்சு. கோவமா சொல்லல, நக்கலாவும் சொல்லல. நான் மனுவை எடுத்து, வயசுங்கற இடத்துல என்ன போடட்டும்னு கேட்டேன்.